குருதி உறவும் குருதி நோயும்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது எம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பயின்று வரும் பழமொழி. பிள்ளை பிறந்தவுடன் "அப்பப்பாவின் மூக்கு", "அம்மம்மாவின் கண்" என்று சொல்லி மகிழ்கின்றோம். ஆனால் முன்னோரிடமிருந்து வருவன மூக்கும் கண்ணும் மட்டுமல்ல. சில நோய்களுக்கு இடங்கொடுக்கும் தன்மையும் அதே வழியில் வரக்கூடும். வளர்ந்தோரைப் பீடிக்கும் என்பு மச்சை நோய்களிலும் குருதிப் புற்றுநோய்களிலும் ஒரு பகுதி அத்தகையது. மாணவர்களும் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்து படிக்கக்கூடிய முறையில் அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் வைத்தியர் அல்லர். தாயகத்தில் விஞ்ஞானம் கற்பித்து, ஏதிலியாகப் பிரித்தானியா வந்து, இன்று சனிக்கிழமைகளில் உங்களுக்குத் தமிழ் கற்பித்து வருகின்றோம். இவ்விடயத்தைத் தேடிப் படிக்கவும் எழுதவும் எம்மைத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. உரியவரின் அனுமதியுடன், பெயரையும் ஊரையும் தவிர்த்து, அதனை இங்கு கூறுகின்றோம்.

ஆங்கிலம் போதாமையால் மொழிபெயர்ப்புத் துணைக்கு எம்மை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார் ஓர் அன்பர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய என்பு மச்சை பழுதடைந்து, குருதிப் புற்றுநோயாக மாறும் நிலையில் இருந்தது. "உங்கள் குடும்பத்தில் வேறு எவருக்கேனும் குருதி நோய் இருந்ததா?" என்று வைத்தியர் கேட்டார். அன்பர் தயங்காமல் "இல்லை" என்றார். வைத்தியர் வேறு விதமாக மீண்டும் கேட்டார். மீண்டும் "இல்லை". "உடன்பிறந்தோர் எத்தனை பேர்?" "தங்கை ஒருவர், தம்பிமார் இருவர்." அவர் சொன்னதைச் சொன்னவாறே மொழிபெயர்த்தோம்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவர் தாழ்ந்த குரலில் வேறு கதை சொன்னார். அவருடைய தகப்பனார் ஐம்பத்தெட்டு வயதில் "இரத்தம் வற்றுகிற வருத்தத்தால்" இறந்தவர். தங்கைக்குச் சிறு வயது முதலே சற்று இடிபட்டாலும் உடம்பு கன்றிப் போகும். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டோம். "மாஸ்டர், மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்குது. பரம்பரை வருத்தம் எண்டு வெளியில தெரிஞ்சால் ஆர் செய்ய வருவினம்?" என்றார்.

மொழிபெயர்ப்பவர்க்கு ஒரு நெறி உண்டு. கூட்டியோ குறைத்தோ சொல்லலாகாது. எம்மை நம்பிச் சொன்னதை நாமாக வைத்தியரிடம் சொல்லவும் இயலாது. பேசாதிருக்கவும் மனம் இடங்கொடுக்கவில்லை. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அந்த "இல்லை" என்ற ஒரு சொல்லால் என்ன நேரக்கூடும் என்பதை விளங்கிக்கொள்வதற்கு, முதலில் குருதியின் கதையை அறிதல் வேண்டும்.

குருதி பிறக்கும் இடம்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி ஓடுகின்றது. ஒட்சிசனைச் சுமக்கும் செங்குருதிக் கலங்கள், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள், காயத்தில் குருதியை உறையச் செய்யும் குருதிச் சிறுதட்டுகள் ஆகியன அதில் மிதக்கின்றன. இவற்றுள் எதுவும் நெடுநாள் வாழ்வதில்லை. செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். சிறுதட்டின் ஆயுள் பத்து நாட்கள் வரையே.

ஆகவே புதிய கலங்கள் ஓயாது பிறக்க வேண்டும். அவை பிறக்கும் இடமே என்பு மச்சை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முள்ளந்தண்டு, விலா எலும்பு முதலியவற்றின் உள்ளே இருக்கும் மென்மையான பொருள் அது. அங்குள்ள மூலக் கலங்கள் பிரிந்து பிரிந்து மூவகைக் கலங்களையும் ஆக்குகின்றன. செங்குருதிக் கலங்கள் மட்டும் ஒவ்வொரு செக்கனிலும் இருபது இலட்சத்துக்கு மேல் பிறக்கின்றன.

இத்தொழிற்சாலை மூன்று வகையாகக் கெடலாம். உற்பத்தி குன்றிப் போதல் ஒன்று. பழுதான, முதிர்ச்சியடையாத கலங்களை ஆக்குதல் இன்னொன்று. இதனை வைத்தியர்கள் மயலோடிஸ்பிளேசியா என்பர். முதிராத வெண்கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மற்றவற்றை நெருக்கி அழித்தல் மூன்றாவது. இதுவே லியூக்கேமியா என்னும் குருதிப் புற்றுநோய். முதலிரண்டும் காலப்போக்கில் மூன்றாவதாக மாறக்கூடும்.

இடையில் வந்ததும் பிறப்பில் வந்ததும்

எமது உடற்கலங்களில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. இருபத்து மூன்று தந்தை தந்தவை. இருபத்து மூன்று தாய் தந்தவை. அவற்றில் ஏறத்தாழ இருபதாயிரம் பரம்பரையலகுகள் இருக்கின்றன. மாணவர்களே, நீங்கள் பள்ளியில் ஜீன் என்று படிப்பது இதனையே. ஒவ்வொரு பரம்பரையலகும் உடல் ஒரு புரதத்தை ஆக்குவதற்கான எழுத்துக் குறிப்புப் போன்றது. அதில் எழுத்துப்பிழை நேரின் அதனை விகாரம் என்கின்றோம்.

எழுத்துப்பிழை இரு காலங்களில் நேரலாம். ஒருவர் பிறந்து வளர்ந்த பின்னர் அவருடைய மச்சைக் கலம் ஒன்றில் மட்டும் நேர்வது ஒரு வகை. முதுமை, புகைத்தல், பென்சீன் போன்ற இரசாயனங்கள், கதிர்வீச்சு ஆகியன இதற்குக் காரணமாகலாம். 1945 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்தோரிடையே பின்னர் குருதிப் புற்றுநோய் மிகுந்தது இவ்வகையில்தான். 1960 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்ட் ஆகிய இருவரும் ஒருவகைக் குருதிப் புற்றுநோயாளரின் கலங்களில் குறுகிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டனர். அந்த மாற்றமும் இடையில் வந்ததே. இத்தகைய பிழை அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குச் செல்லாது. குருதிப் புற்றுநோய்களுள் மிகப் பெரும்பாலானவை இவ்வகையின என்பதை முதலில் மனத்தில் இருத்துக.

தந்தையின் விந்திலோ தாயின் முட்டையிலோ இருந்து வரும் பிழை மற்றைய வகை. அது பிள்ளையின் உடல் முழுவதும், ஒவ்வொரு கலத்திலும் இருக்கும். பிழை இருப்பதனால் நோய் வந்துவிட்டது என்பது பொருளன்று. நோய்க்கு வாயில் சற்றுத் திறந்திருக்கின்றது என்பதே பொருள். வாழ்நாளில் வேறு பிழைகளும் சேரும்போதே நோய் தோன்றும். சிலருக்குத் தோன்றாமலே போகும். வளர்ந்தோரில் காணப்படும் மயலோடிஸ்பிளேசியா, தீவிர மச்சைப் புற்றுநோய் ஆகியவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 10 பேரிடம் இத்தகைய பரம்பரைப் பிழை இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் குருதிப் புற்றுநோய்களை வகைப்படுத்தியபோது இவற்றைத் தனி வகையாகவே சேர்த்துக்கொண்டது.

அறியப்பட்ட சில பிழைகள்

முதலாவது, 21 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ரன்க்ஸ்-1 என்னும் பரம்பரையலகு. இதிலுள்ள பிழை குடும்ப வழியாக வருவது 1999 இல் கண்டறியப்பட்டது. பிழையுடையோருக்குச் சிறுதட்டுகள் குறைவாகவோ செயற்றிறன் குன்றியோ இருக்கும். இலேசாக இடிபட்டாலும் உடல் கன்றும். பல் பிடுங்கினால் குருதி எளிதில் நில்லாது. இவர்களுள் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வருக்கு வாழ்நாளில் குருதிப் புற்றுநோய் தோன்றக்கூடும்.

இரண்டாவது, சி.இ.பி.பி.ஏ. என்பது. இது 2004 இல் அறியப்பட்டது. பிழையுடையோருள் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் வருகின்றது. பலருக்கு இளவயதிலேயே வருகின்றது. ஆயினும் சிகிச்சைக்கு அது நன்கு இணங்குவது ஆறுதல் தரும் செய்தி.

மூன்றாவது, கேட்டா-2. இது 2011 இல் அறியப்பட்டது. இங்கு குருதி நோய்க்கு முன்னரே வேறு அறிகுறிகள் தோன்றலாம். ஆறாத பாலுண்ணிகள், அடிக்கடி வரும் நுரையீரல் தொற்று, நீங்காத கால் வீக்கம் ஆகியன அவை.

நான்காவது, டி.டி.எக்ஸ்.-41. இது 2015 இல் அறியப்பட்டது. இதன் இயல்பு ஒளிந்திருத்தல். பிழையுடையவர் அறுபது வயது வரை எக்குறையுமின்றி வாழ்வார். அதன்பின்னரே, பெரும்பாலும் ஆண்களில், நோய் வெளிப்படும். "வயது போன வருத்தம்" என்று குடும்பத்தார் எண்ணி விடுவர். பரம்பரை நோய் இளமையிலேயே வரும் என்ற எமது பழைய எண்ணத்தை மாற்றிய கண்டுபிடிப்பு இதுவாகும்.

ஐந்தாவது வகை, நிறமூர்த்தங்களின் நுனியைப் பற்றியது. சேலைத் தலைப்பில் நூல் பிரியாதிருக்க முடிச்சிடுவது போல, நிறமூர்த்தத்தின் நுனிகளிலும் டெலோமியர் என்னும் காப்பு உண்டு. இக்காப்புப் பற்றிய ஆய்வுக்காக பிளாக்பேர்ன், கிரெய்டர், சொஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சில குடும்பங்களில் இக்காப்பு பிறப்பிலேயே குறுகியிருக்கும். ஒருவருக்கு இளவயதில் தலை நரைக்கும். இன்னொருவருக்கு நுரையீரல் இறுகும். வேறொருவருக்கு மதுவருந்தாமலே ஈரல் கெடும். மற்றொருவருக்கு மச்சை வற்றும். வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினும் வேர் ஒன்றே. குடும்பக் கதை முழுவதையும் கேட்டால் அன்றி அவ்வேர் தெரியாது.

இருவரில் ஒருவருக்கு

மேலே கூறிய முதல் நான்கிலும் பெற்றோருள் ஒருவரிடம் பிழை இருந்தாலே போதும். பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நாணயம் சுண்டுவதைப் போல, ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்கணக்குப் புதிதாகத் தொடங்கும். "மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி இளையவளுக்கு வராது" என்பது பிழையான கணக்கு. தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் அது சமமாக வரும். ஆதலால் நோயுற்ற பிள்ளையைப் பெற்ற மருமகளைக் குறைகூறும் வழக்கத்துக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

வேறு சில நோய்கள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டுமே தோன்றும். 1927 இல் சுவிற்சலாந்துக் குழந்தை வைத்தியர் பன்கோனி, மூன்று சகோதரரிடம் கண்டு விவரித்த சோகை நோய் அத்தகையது. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில் தெரிந்தாலும், சிலரிடம் வளர்ந்த பின்னரே அது கண்டுபிடிக்கப்படுகின்றது. எமது வழக்கமாகிய மச்சான் மச்சாள் திருமணத்தை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். நேர் மச்சான் மச்சாளுக்குப் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். மறைந்திருக்கும் ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகின்றது. இதனால் அத்தகைய திருமணங்கள் அனைத்தும் தீது என்று ஆகாது. குடும்பத்தில் இந்நோய் உண்டாயின் முன்னரே ஆலோசனை பெறுதல் அறிவுடைமை என்பதே பொருள்.

கொடையாளர் யார்?

மச்சை நோய் பலவற்றுக்கு, நல்ல மச்சையைப் பிறரிடமிருந்து பெற்று ஏற்றுதல் சிகிச்சையாகும். 1956 இல் அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ், ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவரின் மச்சையை மற்றவருக்கு ஏற்றினார்; 1990 இல் நோபல் பரிசு பெற்றார். இன்று முதலில் தேடப்படுபவர் உடன்பிறந்தவரே. ஓர் உடன்பிறந்தவரின் இழைய வகை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இங்குதான் இடர் மறைந்திருக்கின்றது. பொருந்திய அந்த உடன்பிறந்தவரிடமும் அதே பிழை இருந்தால் என்ன ஆகும்? நோயுற்ற மச்சையை நீக்கிவிட்டு, நோய்க்கு வாயில் திறந்த மச்சையையே மீண்டும் ஏற்றியதாக முடியும். ஏற்றிய மச்சை சரிவரப் பிடிக்காமற் போகலாம். பின்னாளில் அக்கொடைக் கலங்களிலிருந்தே புற்றுநோய் தோன்றவும் கூடும். அவ்வாறு நிகழ்ந்தமை வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளது.

கணிதம் பயிலும் மாணவர்கள் இதனைக் கணித்துப் பார்க்கலாம். இழைய வகையைத் தீர்மானிப்பவை 6 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளன. ரன்க்ஸ்-1 இருப்பது 21 ஆம் நிறமூர்த்தத்தில். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே உடன்பிறந்த ஒருவர் பொருந்தியும் பிழையற்றும் இருக்கும் வாய்ப்பு, நான்கில் ஒன்றை இரண்டில் ஒன்றால் பெருக்க வரும் எட்டில் ஒன்றே.

பிழையைக் கண்டறியவும் தனி முறை வேண்டும். நோயாளியின் குருதியிலே இடையில் வந்த பிழைகளும் கலந்திருக்கும். உமிழ்நீரிலும் குருதிக் கலங்கள் உண்டு. ஆதலால் தோலில் சிறு துண்டெடுத்து, அதன் கலங்களைச் சில வாரங்கள் வளர்த்துச் சோதிப்பர். குடும்பக் கதையை வைத்தியர் முன்னரே அறிந்தால்தான் இதனைக் காலத்தோடு தொடங்க முடியும்.

உறவுப் பெயர்களில் ஒரு சிக்கல்

தமிழாசிரியராகவும் இங்கு ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. பெரியப்பாவின் மகனையும் சின்னம்மாவின் மகனையும் நாம் அண்ணா, தம்பி என்றே அழைக்கின்றோம். அது எமது பண்பாட்டின் அழகு. ஆனால் வைத்தியரிடம் அதே சொல்லை மொழிபெயர்த்தால், அவர் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர் என்றே எழுதிக்கொள்வார். "மாமா" என்பவர் தாயின் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம். மாமியை மணந்து வந்தவராகவும் இருக்கலாம். முன்னவர் குருதி உறவு. பின்னவர் மண உறவு. ஆங்கிலத்தில் இருவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். எனவே வைத்தியரிடம் உறவுப் பெயரைச் சொல்லாது வழியைச் சொல்லுக: "என் தாயின் உடன்பிறந்த தம்பி", "என் தந்தையின் அண்ணனுடைய மகன்" என்றவாறு. மொழிபெயர்க்கும் பிள்ளைகள் இதனை மிகவும் கவனிக்க வேண்டும்.

எமது அன்பர் கூறிய "தம்பிமார் இருவர்" என்பதில் ஒருவர் உடன்பிறந்தவர். மற்றவர் அவருடைய பெரியம்மாவின் மகன். நாமும் அதனை அறியாது மொழிபெயர்த்தோம். அப்பிழை எம்முடையது.

பின்னர் நடந்தது

மறுநாள் காலை அவருக்குத் தொலைபேசியில் பேசினோம். நாமாக எதனையும் வைத்தியரிடம் சொல்ல மாட்டோம் என்று முதலில் உறுதி கூறினோம். பின்னர், நாம் படித்தறிந்ததைச் சொல்லி, "உங்கள் தங்கை மச்சை தர முன்வந்திருக்கின்றார். அவருடைய உடம்பு கன்றுவதை வைத்தியர் அறிய வேண்டாமா?" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. அடுத்த முறை சென்றபோது அவரே எல்லாவற்றையும் சொன்னார். நாம் சொன்னவாறே மொழிபெயர்த்தோம்.

தங்கையின் இழைய வகை பொருந்தியது. ஆனால் ரன்க்ஸ்-1 பிழை இருவரிடமும் இருந்தது. உடன்பிறந்த தம்பிக்குப் பிழை இல்லை. இழைய வகை பொருந்தவில்லை. பதிவேட்டின் வழியாக வேறொரு கொடையாளர் கிடைக்கச் சில மாதங்கள் சென்றன. சிகிச்சை நடந்தது. அன்பர் இன்று நலமாக இருக்கின்றார். தங்கை குறித்த காலத்துக்கொரு முறை குருதிப் பரிசோதனைக்குச் செல்கின்றார். மகளின் கலியாணப் பேச்சு நின்றுபோனது. அதனை மறைத்து எழுதினால், மறைக்காதீர் என்று சொல்லும் தகுதி எமக்கில்லை. உண்மை சொன்னதற்கு அக்குடும்பம் விலை கொடுத்தது. சொல்லாதிருந்தால் கொடுக்க நேர்ந்திருக்கும் விலை அதனினும் பெரிது என்று அம்மகளே எம்மிடம் கூறினாள்.

செவ்வாய்க் குற்றத்தைக் கேட்டறிவதற்காகச் சாதகக் குறிப்பைப் பல இடப்பெயர்வுகளிலும் மார்போடணைத்துக் கடல் கடந்தும் கொண்டு வந்தவர் நாம். அப்பப்பா எந்நோயால் இறந்தார் என்பதை மட்டும் எங்கோ விட்டுவிட்டு வந்தோம். இந்நோய் தொற்றுவதன்று, சாபமன்று, எவர் செய்த பாவமுமன்று. பிழை உண்டென அறிந்தவர் காலத்துக்குக் காலம் குருதியைச் சோதித்து, மாற்றத்தை முன்கூட்டியே அறியலாம், புகைத்தலைத் தவிர்க்கலாம். சோதித்துப் பார்ப்பதா இல்லையா என்பது அவரவர் விருப்பம். பரம்பரையியல் ஆலோசகரிடம் பேசிய பின்னர் முடிவு செய்யலாம். முதுமையில் வரும் நோய்க்காகப் பிள்ளைகளைச் சோதிப்பது பொதுவாக வழக்கமில்லை. அவர்கள் வளர்ந்து தாமே முடிவு செய்வர்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டு வேலை

இவ்விடுமுறையில் ஒரு பெரிய தாளில் உங்கள் குடும்ப மரத்தை மூன்று தலைமுறைக்கு வரையுங்கள். குருதி உறவுக்குத் தொடர் கோடும் மண உறவுக்குப் புள்ளிக் கோடும் இடுங்கள். பின்னர் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் தொலைபேசியிலாவது கேளுங்கள். நோயின் பெயரைக் கேட்காதீர்கள். போர்க்காலத்தில் எமது முதியோர் பலர் இன்ன நோய் என்று அறியாமலே "காய்ச்சல்" என்றும் "சோகை" என்றும் இறந்தனர். அறிகுறிகளைக் கேளுங்கள். பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் ஓடியதா? அடிக்கடி உடம்பு கன்றியதா? இருபது வயதளவில் எவருக்கேனும் தலை நரைத்ததா? நீங்காத கால் வீக்கம், ஓயாத சளிச்சுரம் இருந்ததா? எத்தனை வயதில் இறந்தார்? விடைகளை அவ்வவர் பெயருக்குக் கீழ் எழுதுங்கள். அத்தாளைப் பெற்றோர் தம் ஆவணங்களுடன் வைத்துக்கொள்ளட்டும்.

பதினாறு வயதைக் கடந்த மாணவர்களுக்கு மேலும் ஒன்று. 1974 இல் இலண்டனில் ஷேர்லி நோலன் என்னும் தாய், பரம்பரைக் குருதி நோயுடன் பிறந்த தம் மகன் அந்தோனிக்காக, உலகின் முதலாவது மச்சைக் கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். மகனுக்குக் கொடையாளர் கிடைக்கவில்லை. 1979 இல் ஏழு வயதில் அவன் மறைந்தான். ஆனால் அப்பதிவேடு இன்றும் பிறரைக் காக்கின்றது. 16 முதல் 30 வயது வரையுள்ளோர் அதில் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினாற் போதும். தெற்காசிய மரபினர் பதிவேடுகளில் குறைவாக இருப்பதால், எம்மவருக்குப் பொருத்தமானவர் கிடைப்பது கடினமாயிருக்கின்றது. உடன்பிறந்தவரால் தர இயலாதபோது, முகமறியாத ஒருவரே உடன்பிறப்பாகின்றார்.

மரத்தை வரையுங்கள், கேளுங்கள், எழுதி வையுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்.